ஏழு மாதம் இடது பக்கம்

சின்னழகன்பட்டி,
குஜிலியம்பாறை வழி,
மதுரை ஜில்லா.
18-2-1961

அன்புத் தோழி அமலராணிக்கு,

சண்முகவள்ளி எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகம். ஈப்போவில் நீயும் அம்மாவும் தங்கை செசிலியும் சுகமாயிருக்க வேண்டும் என்று பழனியாண்டவரையும், உனக்காக உங்கள் மாதாவையும் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு அவசரம். பொங்கலுக்கு முன்னால் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன் அல்லவா, இந்த மனிதரோடு என்னால் வாழ முடியாது, என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல் என்று? அதை என் அண்ணனிடம் காட்டாதே. காட்டியிருந்தால் இன்றைக்கே ஓடிப் போய், வள்ளி மனசு மாறிவிட்டாள், கப்பல் சீட்டு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடு. அண்ணன் முன்கோபக்காரர். புறப்பட்டு இங்கே வந்து நின்றுவிட்டால் அப்புறம் எதையும் சரிசெய்ய முடியாது.

என்ன நடந்தது என்று நீ கேட்பாய். சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இங்கிருக்கிற என் தாய்மாமன் ஒச்சப்பன் பேசி முடித்து, ஆனி மாதம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். செம்மண்ணும் பாறையும் வேலிக்காத்தான் முள்ளும்தான் ஊர். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் கிணறு. அதெல்லாம் எனக்குப் பெரிய கஷ்டமில்லை. அவருடைய பேசாத வாய்தான் கஷ்டமாக இருந்தது. நான் எவ்வளவு பேசுவேன் என்று உனக்குத்தான் தெரியுமே! ஈப்போவைப் பற்றி, கப்பலில் வாந்தி எடுத்ததைப் பற்றி, எனக்கு என்ன பிடிக்கும், அவருக்கு என்ன பிடிக்கும் என்று சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் பாயிலும் பேசிக்கொண்டே இருப்பேன். அவர் "ம்" என்பார். சில நேரம் அதுவும் கிடையாது. ஒரு நாள் அழுதுகொண்டே, என்னைப் பிடிக்காமல்தான் கட்டினீர்களா என்று கேட்டேன். அதற்கும் ஒரு "ம்"தான். அன்றைக்கு எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது.

அவர் அக்கா கருப்பம்மாளிடம் போய்ச் சொன்னேன். "சடையாண்டி சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான் ஆத்தா. அவன்கிட்ட நாலு வார்த்தை வாங்கணும்னா நாப்பது வார்த்தை நீ கொடுக்கணும்" என்றார். நான் நானூறு கொடுத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் சியூ லான் அக்கா நினைவுக்கு வந்தார். நம் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டிருந்தாரே, அவர்தான். புருஷன் நாள் கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவார், இவர் பாட்டுப் பாடிக்கொண்டே கீரைக்குத் தண்ணீர் ஊற்றுவார். உங்களுக்குக் கோபமே வராதா என்று நான் கேட்டதற்கு, அவருடைய அப்பா சீனாவில் ஒரு தாவோ கோயிலில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவர் என்றும், தாவோ என்றால் வழி என்று அர்த்தம் என்றும் சொன்னார். தன் பாகற்கொடியைக் காட்டி, அவருடைய அரைகுறைத் தமிழில், "இத நான் இழுத்துக் கட்டுனா நுனி ஒடிஞ்சுபோகும். பக்கத்துல ஒரு குச்சி நட்டுட்டு என் வேலையப் பாப்பேன். அது தானாப் பிடிக்கும். புருஷனும் அப்படித்தான், பொண்டாட்டியும் அப்படித்தான்" என்றார். நாம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சரி, குச்சியாக இருந்து பார்ப்போம் என்று மார்கழியில் பேச்சை நிறுத்தினேன். சமைத்துப் போடுவேன், களை எடுப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். மனதுக்குள் மட்டும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கேட்பாரா, நாளைக்குக் கேட்பாரா என்று கடைக்கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் கருப்பம்மாள் அண்ணி வந்து, "அவளுக்கு மேலுக்கு ஏதும் முடியலையான்னு எங்கிட்ட வந்து கேக்குறான். பயந்துபோயிருக்கான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டும் நான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். சியூ லான் அக்கா பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன். இரண்டும் ஒன்றாகுமா?

அந்த வெறுப்பில்தான் உனக்குக் கடிதம் எழுதினேன். தபாலில் போட்டதும் ஒரு ஆச்சரியம், மனது லேசாகிவிட்டது. இனி இவரிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. வேண்டாம் என்று ஆனதும் கோபமும் போய்விட்டது. தோன்றினால் பேசினேன், தோன்றாவிட்டால் சும்மா இருந்தேன். போகும்வரை ஒரு கை உதவியாக இருப்போமே என்று, தை பாதியில் அவரோடு கிணற்றடிக்குப் போகத் தொடங்கினேன்.

இங்கே கமலையில்தான் தண்ணீர் இறைப்பார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க இறங்க, வடக்கயிறு இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் மொண்ட பெரிய சால் மேலே வரும். அவர் அந்த வடத்தின் மேல் உட்கார்ந்து மாடு ஓட்டுவார். நான் அவருக்கு இடது பக்கம் வாய்க்காலில் நின்று வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உருளைக்குப் பக்கத்தில் வடம் புரி புரியாக விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சால் நிறையத் தண்ணீர். அறுந்தால் மாடுகளும் அவரும் குப்புறச் சரிவில் உருள வேண்டியதுதான். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. மூன்று தடவை கத்தினேன் அமலா, தொண்டை கிழிய. அப்புறம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி, மாடுகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். மாடுகள் மிரண்டு நின்றன. அவர் குதித்து இறங்கி, மாடுகளைப் பின்னுக்குத் தள்ளி, சாலைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு வடத்தைப் பார்த்தார். ஒரே ஒரு புரிதான் மிச்சம்.

அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "கிறுக்கச்சி, மாட்டுக்கு முன்னால போயி விழுகிறியே! ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமில்ல?" என்றார்.

"கொடுத்தேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். எனக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. வாயில் நூறு கேள்வி வந்தது. பழைய வள்ளியாக இருந்தால் அத்தனையையும் கொட்டியிருப்பேன். பழைய வீம்பு வள்ளியாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். அன்றைக்கு இரண்டுமே வரவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். அவராகவே சொன்னார்.

இந்தக் கிணற்றைப் பாறைக்கு வெடி வைத்துத்தான் தோண்டினார்களாம். கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு வெடி நேரத்துக்கு முந்தி வெடித்து, அவருடைய இடது காது அடியோடு போய்விட்டது. இடது பக்கத்திலிருந்து வரும் பேச்சு வெறும் முணுமுணுப்பாகத்தான் விழுமாம், உருளை கிறீச்சிடும்போது அதுவும் கிடையாதாம். "மலேயாவுக்கு எழுதுறப்ப இதையும் எழுதுங்கன்னு ஒச்சப்பன் மாமாகிட்டச் சொன்னேன். எழுதிட்டேன், பொண்ணு சம்மதிச்சிருச்சுன்னார். நீ வந்து பத்து நாள்லயே உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அக்காவும் மத்தவங்களும் உனக்குத் தெரியும்னே நெனச்சிட்டிருந்தாங்க. அப்புறம் சொல்ல வாய் வரல" என்றார்.

அமலா, இந்த ஊர் வழக்கப்படி நான் பாயில் படுப்பது அவருக்கு இடது பக்கம். சாப்பாட்டில் உட்காருவது இடது பக்கம். ஏழு மாதம் என் மனதில் இருந்ததையெல்லாம் கேட்காத காதில் கொட்டியிருக்கிறேன்!

நான் என்ன பேசுவதாக நினைத்துக்கொண்டு "ம்" போட்டீர்கள் என்று கேட்டேன். "மலேயான்னு மட்டும் அங்கங்க காதுல விழும். திரும்பிப் போறேன்னு சொல்றியோன்னு பயமா இருக்கும். திருப்பிக் கேட்டா நீ சத்தமாச் சொல்லிருவியேன்னு கேக்கல" என்றார்.

உடனே எல்லாம் இனித்துவிட்டது என்று நினைக்காதே. ஏமாற்றிவிட்டார்களே என்று இரண்டு நாள் பொருமினேன். ஒச்சப்பன் மாமா வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். என் அம்மாவின் கூடப்பிறந்தவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல், "ஒரு காதுதானே தாயி போச்சு, இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்கிறார். பிறகு, விடக்கூடாது என்று இவரைப் பிடிவாதமாகத் திண்டுக்கல்லுக்குக் காது டாக்டரிடம் இழுத்துப் போனேன். பார்த்தாயா, இழுக்கிற புத்தி எங்கே போகும்! டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வலது காது நன்றாக இருக்கிறது என்றார். வெளியே வந்ததும் இவர், "உனக்கு இப்ப மனசு ஆறிச்சா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிளப்புக் கடையில் பூரி தின்றோம். மலைக்கோட்டைக்கு மேலே ஏறி வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தோம். எங்கே உட்காரலாம் என்று அவரே பார்த்து, கையைப் பிடித்து வலது பக்கம் உட்கார வைத்தார். இப்போதும் அதிகம் பேச மாட்டார். நான் பேசுவதைக் கேட்கிறார், நடுநடுவே எதிர்த்தும் பேசுகிறார். எனக்கு அது போதும்.

மிக்கேல்ராஜ் இரண்டு வருஷமாகக் கல்யாணத்துக்கு ஒரு முடிவும் சொல்லவில்லை, கெடு வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். சும்மா இரு என்று நான் சொல்ல மாட்டேன். நான் சும்மா இருந்த லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே. கேட்க வேண்டியதை நேருக்கு நேராக ஒரு தடவை கேள். பதில் இப்படித்தான் வரவேண்டும் என்று அவர் கழுத்தைப் பிடிக்காதே. எந்தப் பதில் வந்தாலும் நீ குறைந்துவிட மாட்டாய்.

கடைசியாக ஒன்று. நான் திரும்பி வந்தால் இருக்கட்டும் என்று ஒரு தகரப் பெட்டியை உன் அம்மாவிடம் விட்டுவந்தேன். அதை இனி வைத்துக் காக்க வேண்டாம். உள்ளே பச்சைப் பூப்போட்ட மலாய் கபாயாச் சட்டை இரண்டு இருக்கிறது. செசிலிக்குச் சரியாக இருக்கும், உடுத்தட்டும். நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் சந்தோஷப்படுவேன். நீ எங்கே, யாரோடு வாழப்போனாலும் உன் சிரிப்பு குறையாமல் நூறு வருஷம் நன்றாயிருக்க வேண்டும், என் கண்ணே. எனக்கு எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

என்றும் உன்,
சண்முகவள்ளி