ஓரடி குறைந்த கொடி

ஆஸ்டின் டவுன்,
வியாழக்கிழமை

அன்புள்ள யூனிஸுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே.

கொடிக் கடையில் சிறு விஷயம் ஒன்று நடந்தது, பயப்படாதே. விபத்தில் இறந்த இந்தோனேசிய மாணவனின் சவப்பெட்டிமேல் போர்த்த, அவனோடு படித்த லவினா கொடி வாங்க வந்தாள். மேலே சிவப்பு, கீழே வெள்ளை. தலைகீழானால் போலந்து ஆகிவிடும் என்று, வழக்கம்போல ஓரத்தில் பென்சிலால் 'மேல்' என்று எழுதி, இருமுறை சரிபார்த்தே கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் போன் செய்தாள். "அங்கிள், கொடி கால் வரைக்கும் வரல. அவங்கம்மா வீடியோ கால்ல பாத்துட்டிருக்காங்க."

நான் கொடுத்தது மொனாக்கோ கொடி. நிறமும் வரிசையும் அதேதான். ஆனால் நாலடி அகலத்துக்கு ஐந்தடி நீளம். இந்தோனேசியாவுக்கு ஆறடி வேண்டும். நிறத்தையே பார்த்தேன், நீளத்தை அளக்கவில்லை.

"முப்பது வருஷம் ஜியாக்ரபி எடுத்த மாஸ்டர், நீங்களே இப்படின்னா?" என்றார் முதலாளி டிரேவர். நல்லவேளை, வேலை போகவில்லை.

சரியான கொடியோடு, பெட்டி இருந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினேன். விரித்ததும் கால்மாடு வரை மூடியது. சிவப்பு உடல், வெள்ளை ஆன்மா என்று அவர்கள் நாட்டில் சொல்வார்களாம். போனில் அந்தத் தாய் மார்பில் கைவைத்து எனக்குத் தலை வணங்கினார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், நானும் அப்படியே மார்பில் கைவைத்து வணங்கினேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பச்சைப் போர்வையைக் கொடுத்தனுப்பு. இங்கே இருப்பது காலுக்கு எட்டவில்லை.

டிரேவர் கூப்பிடுகிறார்.

உன்
கில்பர்ட்