மேடையில் அப்பா நின்ற பத்து நிமிடம்

டன்மோர், ஒன்டாரியோ
1873 மார்ச் 12

அன்புள்ள ஆர்ச்சிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். ஒரே ஒரு வாக்கில் ஜெயித்துவிட்டீர்கள். மந்திரியானவர் திரும்பவும் தொகுதியில் நின்று ஜெயிக்க வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள், ஒட்டாவா பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொள்ளும் மந்திரியை நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று வாரம் உங்களுக்குப் பதிலாக நான் பனிவண்டியில் ஊர் ஊராகச் சுற்றினேன். டாக்டர் சொல்லும்வரை எழுந்து நடக்காதீர்கள்.

தந்தியில் அடங்காத செய்தி அப்பாவைப் பற்றியது. அணை வழக்கில் வாதாடித் தன் மாவு ஆலையை மீட்டுக் கொடுத்த வக்கீல் என்று உங்களை ஊரெல்லாம் புகழ்ந்தவர், நீங்கள் கன்சர்வேட்டிவ் கட்சியில் சேர்ந்த நாள் முதல் ஒன்பது வருடமாக நம் வீட்டுப் படி ஏறவில்லை. எனக்கு அது ஆறாத வலி. உங்களுக்கும்தான், சொல்ல மாட்டீர்கள்.

நேற்று வாக்குப்பதிவு முடியும் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நீங்கள் இரண்டு வாக்கு முன்னால் இருந்தீர்கள். மேடையேறிப் பெயரை உரக்கச் சொல்கிற வாக்குதானே, கணக்கு எல்லோருக்கும் தெரியும். வரிசையில் மிச்சம் ஐந்து பேர். ஐவரும் சீர்திருத்தக் கட்சிக்காரர்கள், முதல் ஆள் அப்பா. தோற்றோம் என்று நினைத்து வண்டியில் உட்கார்ந்து கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

யாருக்கு வாக்கு என்று அதிகாரி கேட்டார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இரு தம்பி, மொதல்ல இந்த லோரிமர் யாருன்னு சொல்லிடறேன்" என்று உங்களைத் திட்ட ஆரம்பித்தார். சுங்கவரியில் தொடங்கி ரயில்பாதைக்குப் போனார். "பாலம் கட்டறேன்னான், எங்கய்யா பாலம்? மருமகன்னு சொல்லவே கூசுது" என்றார். கூட்டம் சிரித்தது. பெயரைச் சொல்லுங்கள் என்று அதிகாரி கெஞ்சினார். "நாப்பது வருஷமா ஓட்டுப் போடறேன், என்னையே அவசரப்படுத்தறியா?" என்று அதட்டிவிட்டு, வாக்காளர் சத்தியத்தை வாசிக்கச் சொன்னார். காது கேட்கவில்லை என்று மறுபடியும் வாசிக்கச் சொன்னார். ஆலை இரைச்சலுக்கு நடுவே ஒரு பல்சக்கரம் தடுமாறினாலும் கண்டுபிடிக்கிற காது அது. பின்னால் நின்ற நால்வரும், "பெரியவரே, மணியாகுது, எறங்குங்க" என்று கத்தினார்கள்.

தேவாலய மணி ஐந்தடிக்கத் தொடங்கியதும் எதிராளியின் பெயரைக் கணீரென்று சொல்லிவிட்டு இறங்கினார். அதிகாரி புத்தகத்தை மூடினார். அந்த நால்வரும் வாக்களிக்காமலே வீடு திரும்பினார்கள்.

என் வண்டியைத் தாண்டும்போது, "ஒம் புருஷன் காலு எப்படி இருக்கு?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். நன்றி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கிழித்துப் போட்டுவிடுவார். சுங்கவரியைப் பற்றி அவர் பேசியது அத்தனையும் தப்பு என்று நாலு பக்கம் எழுதுங்கள். மறுப்பு இருந்தால் ஈஸ்டர் விருந்துக்கு நம் வீட்டுக்கு வந்து நேரில் சொல்லட்டும் என்று முடியுங்கள். அவருடைய நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன்.

கடவுள் உங்களைச் சுகமாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
ஹாரியட்