சாந்துக்குள் இருந்த ராஜா

பாரிஸ், நவம்பர் 1793

அன்பு மனைவி சில்வேனுக்கு, உன் மார்சியால் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? பசு கன்று போட்டதா?

இங்கே கொத்தர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ராஜாவின் தலையை எடுத்தவர்கள், தெருமுனைக் கற்களில் தெருப்பெயராகச் செதுக்கியிருக்கும் அவர் பெயரையும் எடுக்கச் சொல்கிறார்கள். மேஸ்திரி காஸ்பார் மட்டும் என் காதோடு சொன்னார்: "செதுக்கித் தள்ளிடாதப்பா. நாளைக்கே இன்னொரு லூயி வந்து உக்காந்தா நம்மளத்தான் புடிப்பான். சாந்த வச்சு அடைச்சு விடு."

பதினோரு முனைகளில் அப்படியே அடைத்தேன்.

நேற்றுக் கொஞ்சம் மழை. ஒரு முனையில் சாந்து கரைந்து, லூயியின் பெயர் பளிச்சென்று வெளியே வந்துவிட்டது. புரட்சிக் கமிட்டிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், அவ்வளவுதான்.

"ராஜாவ ஒளிச்சா வச்சிருக்க? இன்னும் எங்கெங்கடா?"

"இது ஒண்ணுதாங்க. உளி மழுங்கிப் போச்சு, அதான் சாந்த வச்சு அடைச்சேன்."

அவர்கள் கண்முன்னே செதுக்கிக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். காஸ்பாரைத்தான் நேற்றிலிருந்து காணோம். அவர் நம் ஊருக்கு வந்தால் எனக்கு ஒரு வரி எழுது. அவர் படுக்கை காலியாகக் கிடப்பதால் அறையில் குளிர் அதிகமாகத் தெரிகிறது. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. நீ வறுத்த கஷ்கொட்டையும் கொஞ்சம்.

சர்ச்சுகளை மூடச் சொன்னாலும், விதைத்த நிலத்துக்கு மழை வேண்டுமென்று நீ யாருக்கும் தெரியாமல் சாமி கும்பிடுவாய். இந்த ஒரு வாரம் கும்பிடாதே.

ஜன்னலில் தூறல் விழுகிறது. இன்னும் பத்து முனை இருக்கிறது. ஏணியையும் உளியையும் எடுக்கிறேன்.

மார்சியால்