நான்கு மயக்கத்துக்கும் ஒரே வரி

அன்பான சரசக்கா,

2006 ஆகஸ்ட் 9, புதன்கிழமை, காலை 10.40. நான்காவது முறை. நம் பனியன் கம்பெனியின் ஓவர்லாக் தையல் மெஷினில் நீ மயங்கிச் சாய்ந்த நேரம் இது. என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது.

முதல் இரண்டு தடவையும் சூப்பர்வைசரிடம் ஒரே மருந்துதான். "வெறும் வயித்தோட வந்திருப்பீங்க. யாராச்சும் சோடா வாங்கியாங்க!" நீ கண் திறந்ததும், "நாலு இட்லி தின்னுட்டுத்தானுங்கண்ணா வந்தேன்" என்றாய். தையல் லைனே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. டிப்ளமோ படித்த மெக்கானிக் அல்லவா? சூடுதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, உன் மெஷினை எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் தள்ளினேன். இடம் போதாமல், உனக்கு இடது பக்கம் இருந்த துணிக் கூடை இன்னும் பின்னால் போனது. அந்த வாரமே இரண்டு தடவை விழுந்தாய்.

"ஏன்டா, ஊசி ஒடஞ்சா ரிஜிஸ்டர்ல எழுதறே. அக்கா விழுந்தா எழுத மாட்டயா?"

நீ கேட்டது கேலிதான். ஆனால் உறைத்தது. ஊசி ஒடிந்தால் தேதி, நேரம், என்ன தைக்கும்போது என்று எழுதி, ஒடிந்த துண்டையும் ஒட்டிவைப்போம். அதே மாதிரி உன்னிடம் கேட்டு உன் நான்கு மயக்கத்தையும் ஒரு தாளில் எழுதினேன். 'என்ன செய்யும்போது' என்ற கடைசிக் கட்டத்தில் நான்கிலும் ஒரே வரி: இடது பக்கம் திரும்பித் துணிப் பீஸ் எடுக்கும்போது.

கோயம்புத்தூர் டாக்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டு நேராக உன் கழுத்தைத் தொட்டார். "பல்வலிக்கு நெறி கட்டியிருக்குதுங்க" என்றாய். நெறி இல்லை. தொண்டையில் தொடங்கிய புற்று கழுத்துக்கு இறங்கி, நாடித்துடிப்பை அடக்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. தலை திரும்பினால் துடிப்பு விழும், நீயும் விழுவாய்.

ஆபரேஷன், கரண்ட் என்று ரேடியேஷன் வைத்தது எல்லாம் முடிந்து, உனக்கு இன்னும் இரண்டு வருடம்தான் கிடைத்தது. உன் மகள் மலருக்குச் சைக்கிள் பழக்கினாய், சீட்டைப் பிடித்துப் பின்னாலேயே ஓடி. விழுந்ததெல்லாம் அவள்தான். நீ ஒரு தடவைகூட விழவில்லை.

கூடையை நகர்த்தியதற்கு நீ என்னைத் திட்டவே இல்லை. "நீ நகத்துனதாலதான்டா தெரிஞ்சுது" என்றாய். நிஜமாகச் சொன்னாயா, எனக்காகச் சொன்னாயா?

நேற்று கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் ஒரு பெண் மயங்கினாள். சோடா வந்தது, நான் ரிஜிஸ்டரோடு போய் நின்றேன். அவள் உண்மையிலேயே சாப்பிடாமல்தான் வந்திருந்தாள். இருந்தாலும் எழுதிக்கொண்டேன்.

இனி செய்யப்போவது:

1. யார் மயங்கினாலும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்பேன். சோடா அப்புறம்.
2. கழுத்தில் கட்டி மூன்று வாரத்தில் வற்றாவிட்டால் டாக்டரிடம் அனுப்புவேன், சண்டை போட்டாவது.
3. மலர் இப்போது இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓட்டுகிறாள். திட்ட மாட்டேன். பின்னால் ஓடுவேன்.

நீ விழுந்ததை எழுதிவைத்த
உன் தம்பி பிரபு