கடைசி வண்டி போன பிறகு

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதில் அப்பாவின் மருந்து இருந்தது, இருமல் இருந்தது, தூக்கம் இருந்தது. நீதான் இல்லை. அவர் படுக்கையில் விழுந்து மூன்று வருஷமாகிறது. இதில் ஒரு முழுப் பகல் நீ வீட்டுக்கு வெளியே இருந்ததாக எனக்கு நினைவில்லை.

லிஃப்ட் கம்பெனியில் லீவு கொடுத்துவிட்டார்கள். ஞாயிறு வந்துவிடுவேன். மறுநாளே நீ மலை வனக் காப்பகத்துக்குப் போகிறாய். அங்கே ஒரு சுற்றுப் பாதை உண்டு. கேட்டில் தொடங்கி, உச்சியைத் தொட்டு, அதே கேட்டில் வந்து முடியும். காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்கிவிடலாம். பாதியில் மூச்சு வாங்கினால் என்னைத் திட்டாதே; நான் போடுகிற லிஃப்ட் எல்லாம் கட்டடத்துக்கு மட்டும்தான்.

அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள்தானே.

உன்னிடம் அடி வாங்கியே வளர்ந்த
தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று போனில் "இன்னைக்கு வரல" என்று மட்டும் சொல்லி வைத்தது தப்புதான். இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் நீ சமாதானம் சொல்லியே என்னை வரவழைத்திருப்பாய். அதனால்தான் போனை அணைத்துவிட்டு எழுதுகிறேன்.

கேட்டில் டிக்கெட் கிழிப்பவர் தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவே நன்றாக இருந்தது. மரத்துக்கு மரம் மஞ்சள் அம்புக்குறி, வழி தவற முடியாது. ஓடையைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் நின்று காது கொடுத்துக் கேட்டேன். மூச்சு வாங்க இல்லை. யாராவது கூப்பிடுகிறார்களா என்று. யாரும் கூப்பிடவில்லை. அது பழகவே உச்சி வரை ஆகிவிட்டது.

மேலே மேகம் விலகியபோது ஏரி தெரிந்தது. காற்றடித்த பக்கம் சுருங்கி, மறுபக்கம் வழவழவென்று, பாதி இஸ்திரி போட்ட துணி மாதிரி. பார்த்துக்கொண்டே பெஞ்சில் சாய்ந்தவள் தூங்கிவிட்டேன். வனக் காவலர் வந்து தட்டி எழுப்பினார். பாவம், என் கதை முடிந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார்.

இறங்கி வந்தபோது பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏறலையாம்மா? இதான் கடைசி வண்டி."

"தெரியும். நீங்க போங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்கு உறைத்தது. வண்டி போய்விட்டது. எதிரில் இருக்கும் விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். உன்மேல் கோபமில்லை, அப்பாமேலும் இல்லை. கால் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

இது என்ன நியாயம்? பக்கத்து வீட்டு டீச்சர் தினமும் வந்து நீ எங்கே என்று விசாரிக்கிறார். எத்தனை பொய்தான் சொல்வது? என் முதுகு பிடித்துக்கொண்டது. அப்பாவை ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கம் சரிகிறார். காலையில் துவைத்த விரிப்பு காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிடுகிறது. லீவும் முடியப்போகிறது.

இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தரம் கூப்பிட்டுவிட்டார். ஒன்றுமில்லை, ஜன்னலைத் திற, மூடு. அந்தக் குரலைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரிகிறது. உனக்கும் இப்படித்தான் இருந்ததா?

வந்துவிடு அக்கா. முடியவில்லை.

தம்பி

ஏப்ரல் 18

தம்பிக்கு,

இப்படித்தான் இருந்தது. பாசம் இருக்கும்போதே இருந்தது. உனக்கும் அந்த எரிச்சல் வருவதைப் பார்த்து நீ பயப்படாதே.

வருகிறேன். ஆனால் பழைய மாதிரி வரமாட்டேன். கண்ணாடிக் கடை முதலாளியிடம் பேசினேன். மதியம் வரைக்கும் என் பழைய வேலையைத் தருகிறார். அந்த நேரத்தில் அப்பாவோடு யார் இருப்பது என்று நீ சொல். 'பார்க்கலாம்' என்று எழுதாதே. முடியாதென்றால் முடியாது என்றே எழுது. வேறு வழி தேடுகிறேன். பதில் வரும்வரை இங்கேதான்.

நேற்று இன்னொரு சுற்று நடந்தேன். ஒரே மழை. ஏரியும் இல்லை, மலையும் இல்லை. ஆனாலும் சுற்றி முடித்தேன்.

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

'பார்க்கலாம்' என்று எழுதி, கிழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

லீவை நீட்டியாகிவிட்டது. இந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டேன், மதிய ஷிஃப்டுக்கு ஆள் வேண்டுமாம். ஒத்துக்கொண்டேன். காலையில் நான், மதியத்துக்கு மேல் நீ, ராத்திரி முறை வைத்துக்கொள்வோம். இரண்டு பேருமே களைத்துத்தான் போவோம். நீ ஒருத்தியே களைப்பதற்கு அது மேல்.

இன்று அப்பா உன்னைக் கேட்டார். மலைக்குப் போயிருக்கிறாய் என்றேன்.

"இன்னுமா எறங்கல?"

"இல்லப்பா."

"சரி. அப்ப நீயே ஷேவ் பண்ணி விடு" என்று கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

இரண்டு இடத்தில் கீறிவிட்டது. அவர் மறு கன்னத்தையும் திருப்பிக் காட்டினார்.

தம்பி