என் பேஸ் கிட்டாரை வாசித்தது யார்?

ஜூன் 4

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீ நலம்தானா என்பதை நீதான் சொல்ல வேண்டும். இந்த மலையில் செல்போன் எடுக்காது, மெஸ்ஸில் இருக்கும் ஒரே போனைச் சுற்றி எந்நேரமும் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் இதைக் கடிதத்தில் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது பின்னால் பேஸ் கிட்டார் கேட்டது. "டிவி"ன்னு சொன்னாய். சுரங்கத்துக்குள் நாள் முழுக்க வெல்டிங் சத்தம் கேட்டாலும் என் காது இன்னும் செத்துப்போகவில்லை. என் கிட்டாரின் மூன்றாவது கம்பி, கழுத்தில் ஐந்தாவது கட்டமான ஃப்ரெட்டில் அழுத்தினால் கர்ரென்று உறுமும். உலகத்தில் வேறு எந்தக் கிட்டாரும் அப்படி உறுமாது. நீ போனில் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு தடவை உறுமியது. நம் வீட்டில் உட்கார்ந்து என் கிட்டாரை வாசித்தது யார்?

உன் கணவன்

*

ஜூன் 13

அன்புள்ள உங்களுக்கு,

சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, இருமல் போனதா என்று எதுவும் எழுதாமல் போலீஸ்காரர் மாதிரி ஒரு கடிதம். போகட்டும்.

வாசித்தது நான்தான். போன் ஸ்பீக்கரில் கிடந்தது, கிட்டார் மடியில் கிடந்தது. நீங்கள் பணம் கட்டி இரண்டே பாடத்தோடு விட்டுவிட்டுப் போன ஆன்லைன் கோர்ஸ் வீணாகத்தானே கிடக்கிறது என்று ஆரம்பித்தேன். அந்த வீடியோ வாத்தியார் தங்கமான மனுஷன். நான் எவ்வளவு கேவலமாக வாசித்தாலும் "சூப்பர், அடுத்த பாடத்துக்குப் போகலாமா?" என்று சிரிக்கிறார். நம் வீட்டில் இப்படி என்னைப் பாராட்டின ஆண்பிள்ளை அவர் ஒருத்தர்தான்.

டிவி என்று சொன்னது, நீங்கள் சிரிப்பீர்கள் என்பதால்.

உங்கள் மனைவி

*

ஜூன் 24

அன்புள்ளவளுக்கு,

இருமல் போய்விட்டது. நான் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், நான் அங்கே இருந்தபோது, அந்தக் கிட்டார்ப் பெட்டியை நகர்த்திவைத்துப் பெருக்கக் கூட உனக்கு அலுப்பு. இப்போது வாசிக்கிறாயாம். சரி, நீதான் என்றால் ஒன்று சொல். ஒரு கம்பியை மீட்டும்போது மற்ற கம்பிகள் சும்மா இருக்காமல் ஓங்காரம் போடுமே, அதை எப்படி அடக்குகிறாய்? யோசித்து, யாரிடமும் கேட்காமல் எழுது.

உன் கணவன்

*

ஜூலை 3

அன்புள்ள பரீட்சை அதிகாரிக்கு,

வலது கை கட்டைவிரல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. கீழ்க்கம்பிக்கு விரல் இறங்கும்போது கட்டைவிரலும் கூடவே இறங்கி, விட்டுவந்த கம்பி மேல் சாய்ந்து படுக்க வேண்டும். அதற்கு மேல் இருப்பவை கட்டைவிரலின் பக்கவாட்டில் அடங்கிவிடும். மிச்சத்தை இடது கையில் சும்மா இருக்கும் விரல்கள் பார்த்துக்கொள்ளும், அழுத்தாமல், தொட்டபடி. பாஸா?

நான் ரத்தம் எடுக்கிற லேபில் ஒரு வேடிக்கை. என் இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய்விட்டது. ஊசி போடுமுன் நரம்பைத் தடவிப் பார்க்கிற விரல் அதுதானே, இப்போது ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பெரியவர் "என்னம்மா, என் கையில ரத்தம் இருக்கா இல்லையா?"ன்னு பயந்தே போய்விட்டார். வலது கையால் நரம்பு தேடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மனைவி

*

ஜூலை 14

உனக்கு,

விடை சரி. அதனால்தான் சந்தேகம் கூடுகிறது.

அந்தக் கட்டைவிரல் விஷயம் எனக்கே பல வருஷம் வரவில்லை. வீடியோவில் யார் வேண்டுமானாலும் காட்டலாம். நம் கட்டைவிரல் தப்பாக நிற்பதை எதிரே உட்கார்ந்து பார்க்கிற ஒருத்தர்தான் சொல்ல முடியும். உன் எதிரே யாரோ உட்கார்ந்திருக்கிறான்.

என் அக்காவும் எழுதியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் வாசலில் ஆம்பளைச் செருப்பு கிடக்கிறதாம். எதிரே தன் வீட்டு ஜன்னலிலிருந்து தன் கண்ணால் பார்த்தாளாம். ஆன்லைன் வாத்தியார் செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறாரா? யார் அவன்? எத்தனை நாளாக வருகிறான்? மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் மறைத்தாய்? தூக்கமே வரவில்லை எனக்கு.

*

ஜூலை 23

அன்புள்ள உங்களுக்கு,

கையெழுத்துக் கூடப் போடாமல் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். அவ்வளவு கோபம். எனக்கும் இருக்கிறது. ஜன்னலில் ஆள் வைத்துப் பார்க்கிற அளவுக்கு நான் என்ன செய்தேன்?

செருப்பு கிட்டார்க் கடைக்காரருடையது. மணிக்கட்டு வீங்கிப்போய்க் கம்பி வாங்கப் போனேன். "இங்கயே கொஞ்சம் வாசிங்க"ன்னார். நாலு சுரம் வாசிப்பதற்குள் "நிறுத்துங்க, கழுத்தை நெரிக்காதீங்க, கிட்டார் பாவம்"ன்னார். வீடியோ வாத்தியாரோடு இரண்டு மாதம் மாரடித்ததில் தெரியாதது ஒரு நிமிஷத்தில் தெரிந்தது. அன்றிலிருந்து செவ்வாய்தோறும் வருகிறார். கதவு திறந்தேதான் இருக்கும். உங்கள் அக்காவை நானே கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தேன். ஒரே சுரவரிசையைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சோபாவிலேயே குறட்டை விட்டுவிட்டார். அதை அவர் எழுதவில்லை போலிருக்கிறது.

ஏன் மறைத்தேன்? கல்யாணமான புதிதில் "எனக்கும் சொல்லிக்குடுங்க"ன்னு கேட்டேன். உங்கள் இசைக்குழு மொத்தமும் உட்கார்ந்திருக்க, "ஊசி புடிக்கிற கைக்கு இது வராதுடி"ன்னு சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே டீ ஊற்றினேன். வலித்தது.

மிச்சத்தை அக்கா எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன். ஓட்டலில் சனிக்கிழமைகளில் நம் குழு வாசிக்கிறதே, அதில் உங்கள் இடத்தில் மூன்று வாரமாக நான்தான் வாசிக்கிறேன். கீபோர்டுக்காரர் பேஸையும் இடது கையால் சமாளித்துச் சமாளித்து ஓய்ந்துபோய்விட்டார். டிரம்ஸ் தம்பி வந்து கூப்பிட்டான்.

உங்கள் மனைவி

*

ஆகஸ்ட் 5

அன்புள்ளவளுக்கு,

உன்னைத் தப்பாக நினைத்ததற்கு மன்னித்துக்கொள். அக்காவுக்கு இனிமேல் ஜன்னலைச் சாத்தச் சொல்லி எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்று. வேறு ஆள் என்றால் சண்டை போட்டிருப்பேன், அடித்திருப்பேன், அழுதிருப்பேன். இதற்கு நான் என்ன செய்வது? இங்கே மலைக்கு நடுவில் புகையைத் தின்றுகொண்டு கிடப்பதே, திரும்பி வந்து சனிக்கிழமை அந்த நாற்காலியில் உட்காருவேன் என்ற ஒரே நினைப்பில்தான். ஒருத்தரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்து என்னை மறந்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. நீ என் இடத்துக்காகவே கற்றுக்கொண்டாயோ என்று கூடச் சந்தேகமாக இருக்கிறது.

அக்டோபர் கடைசியில் வருகிறேன். கடைக்காரனை நிறுத்திவிடு. குழுவில் சொல்லிவிடு, நான் வந்ததும் நீ விலகிக்கொள்வாய் என்று. வீட்டில் வேண்டுமானால் வாசித்துக்கொள், நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

உன் கணவன்

*

ஆகஸ்ட் 16

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்து ஒரு தடவை, வீட்டில் இரண்டு தடவை படித்தேன். உங்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அதற்காகப் பொய் எழுத முடியாது.

கடைக்காரர் போன வாரமே நின்றுவிட்டார். "இனிமே நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, நாலு பேரோட சேர்ந்து வாசிங்க, அதுலதான் வரும்"ன்னார். உங்கள் கிட்டாரையும் இப்போது நான் தொடுவதில்லை. கம்பியைத் தளர்த்தி, துடைத்து, பெட்டியில் வைத்துவிட்டேன். எனக்கென்று ஒன்று வாங்கியிருக்கிறேன். அது உறுமுவதில்லை.

உங்கள் இடத்துக்காகக் கற்றுக்கொண்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பத்தில் இல்லை. இப்போது யாராவது அதை என்னிடமிருந்து பிடுங்க வந்தால் விடமாட்டேன், அது நீங்களாக இருந்தாலும். டிரம்ஸ் தம்பியும் தயங்கித் தயங்கிக் கேட்டான், "அண்ணன் வந்ததும் நீங்க விலகிடுவீங்கல்ல அண்ணி?"ன்னு. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் குச்சியைத் தட்டி அடுத்த பாட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினான். அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வீட்டில் எல்லாம் நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது. உங்கள் தலையணைக்கு உறை மாற்றிவைத்திருக்கிறேன். நானும் இருக்கிறேன். அது போதும் என்றால் வாருங்கள், எந்த வண்டி என்று எழுதுங்கள், ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

சனிக்கிழமை வண்டிக்கு மட்டும் டிக்கெட் போடாதீர்கள். அன்றைக்கு என்னால் வர முடியாது.

உங்கள் மனைவி