டிராக்கனின் வால்

ஸ்டெல்லனுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

உன் அப்பா ஓட்டிய டிராக்கன் போர்விமானம் உடைக்கப்படவில்லை. பழைய இரும்புக் கடையில் நீ பார்த்து அழுதது அதன் வாலை மட்டும்தான். அதை வேறொரு விமானத்தில் மாட்டியிருந்தார்கள். படைத்தளத்தில் வாலை மாற்றுவார்கள், அதிலுள்ள எண்ணை அழிக்க மறந்துவிடுவார்கள். இதைச் சொன்னதற்குத்தான் நம் விமான ஆர்வலர் சங்கத்தில், எல்லோரும் காபி குடிக்கையில், "ஏன்டா, இப்ப விமானத்துக்கும் வால் பிடிக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தாய். அதை நான் மறக்கவில்லை.

விமானத்தின் உடல், ஹெர்னோசாந்து ஊருக்கு வடக்கே தீயணைப்புப் பயிற்சித் திடலில் நிற்கிறது. விமானி இருக்கைக்குப் பின்னால் தகட்டிலுள்ள எண்ணை நானே பார்த்தேன். சனிக்கிழமை பயிற்சிக்காகக் கொளுத்துகிறார்கள். அதற்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ.

எழுதியது யாரென்று உனக்குத் தெரியும். ஆனாலும் பெயர் போடாமல்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன். நன்றி சொல்ல உனக்கு ஆள் கிடைக்கக் கூடாது.